கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது?
தைஸ் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியும் அதன் பயனும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். உரம், விதை, சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய இவ்வரங்கில், அமெரிக்க நாட்டில் வாழ்ந்து 1987-ஆம் ஆண்டில் மறைந்த நீரியல் அறிஞர் ஒருவரின் கட்டுரைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் பெயர் சார்லஸ் வெர்னன் தைஸ். 1935-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரை ஒன்று, உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி ஏடுகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டு வருகிறது. ஒரு சிறு கட்டுரைக்கு இத்துணைச் செல்வாக்கு எவ்வாறு வந்தது? அதனால் நம் ஊர்க் கிணறுகளுக்கு விளையும் நன்மை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அண்டை வயல்காரரின் வழக்கு

கோடைதோறும் ஒன்றிய அலுவலகத்திற்கு வரும் மனுக்களில் ஒரு வகை மனு தவறுவதேயில்லை. அண்டை நிலத்தார் புதிதாக ஆழ்துளைக் கிணறு இறக்கினார். அதனால் நம் கிணறு வற்றிவிட்டது. ஆவன செய்தல் வேண்டும் என்பதே அம்மனுவின் சாரம். எதிர்த்தரப்பினரை அழைத்துக் கேட்டால், அவரும் ஒரு நியாயம் கூறுவார். “எங்கள் கிணற்றில் மோட்டார் போட்டு முதல் பத்து நாட்கள் இரவு பகலாக ஓடிற்று. அவர் கிணற்றில் அப்பொழுதெல்லாம் ஒரு சாண் கூடக் குறையவில்லை. மூன்றாம் வாரத்தில் குறைந்ததற்கு எங்கள்மீது பழி போடுவது எப்படி முறையாகும்?” என்பார்.

இரு தரப்பாரும் பொய் கூறுபவர்கள் அல்லர். இருவரும் கண்ணாற் கண்டதையே கூறுகின்றனர். ஆயினும் இத்தகைய வழக்குகளால் தலைமுறை தலைமுறையாக உறவு கொண்டாடிய குடும்பங்கள் பேச்சு வார்த்தையின்றிப் பிரிந்து போனதுண்டு. கிணற்றை மேலும் ஆழப்படுத்தக் கடன் வாங்கி, அக்கடனுக்கு நிலத்தையே விற்றவர்களும் உண்டு. ஆதலின் இது வெறும் ஏட்டு ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு அன்று. முதல் பத்து நாட்கள் குறையாத கிணறு மூன்றாம் வாரத்தில் ஏன் குறைகிறது என்பதற்குக் கணக்கோடு விடை கூறியவர் தைஸ்.

அறிஞரின் வரலாறு

தைஸ் 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் என்னும் ஊரில் பிறந்தார். ஒஹாயோ ஆற்றின் மறுகரையில் உள்ள சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1922-இல் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றார். பின்னர் நிலவியல் பயின்று 1929-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். 1930-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். அத்துறை அவரை நியூ மெக்ஸிக்கோ மாநிலத்திற்கு அனுப்பியது. மழை குறைந்த நாடு அது. அதன் கிழக்குச் சமவெளியில் உழவர்கள் கிணறு தோண்டி எந்திரத்தால் நீர் இறைத்துப் பாசனம் செய்யத் தலைப்பட்டிருந்த காலம் அது. எத்தனை கிணறுகளை இந்நிலம் தாங்கும் என்பதே அங்கு எல்லோர் உள்ளத்திலும் எழுந்த கேள்வி. அக்கேள்விக்கு விடை காணும் பணியே தைஸுக்குக் கிடைத்தது. எனவே அவருடைய ஆராய்ச்சி வயல்வெளியில் எழுந்த ஆராய்ச்சி என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முன்னோர் கண்டதும் காணாததும்

நிலத்தடி நீரைப் பற்றிக் கணக்கிட்டவர்கள் தைஸுக்கு முன்னரும் இருந்தனர். பிரான்சு நாட்டின் டிஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி என்பவர், மணலின் ஊடே நீர் எவ்விகிதத்தில் செல்லும் என்பதைச் சோதனை வாயிலாகக் கண்டு 1856-இல் வெளியிட்டார். ஜெர்மனி நாட்டின் குந்தர் தீம் என்பவர் 1906-இல் கிணற்று நீர் இறைப்பைப் பற்றிய சூத்திரம் ஒன்றை வகுத்தார். நீர் இறைக்கும்பொழுது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் போன்ற வடிவில் தாழ்கிறது. அப்புனலின் சரிவை அளந்தால் மண்ணின் நீர் கடத்தும் ஆற்றலை அறியலாம் என்பது அவர் கண்ட முறை.

தீமின் சூத்திரத்தில் ஒரு குறை இருந்தது. நீர்மட்டம் ஓரளவு தாழ்ந்தபின் அசையாமல் நின்றுவிடும் என்று அது கொள்கிறது. காலம் என்பதற்கே அச்சூத்திரத்தில் இடமில்லை. ஒருநாள் இறைத்தாலும் ஒரு மாதம் இறைத்தாலும் அதன் விடை ஒன்றே. ஆனால் சமவெளியில் அளந்து பார்த்தவர்கள், இறைக்க இறைக்க மட்டம் தாழ்ந்துகொண்டே போவதையும், நீர்ப்புனல் அகன்றுகொண்டே போவதையும் கண்டனர். ஏட்டில் உள்ள கணக்கும் கிணற்றில் உள்ள கயிறும் ஒத்துவரவில்லை.

தோசைக்கல்லும் நிலத்தடி நீரும்

இச்சிக்கலைத் தைஸ் அவிழ்த்த முறை எளிமையும் அழகும் வாய்ந்தது. நிலத்தடி நீர் மண்ணில் பரவும் விதமும், உலோகத்தில் வெப்பம் பரவும் விதமும் ஒன்றே என்பது அவர் கருத்தில் உதித்தது.

நம் வீட்டு அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லை இறக்கி வைத்து, அதன் நடுவில் மட்டும் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பதாகக் கொள்வோம். நடுப்பகுதி உடனே குளிரும். அதனை அடுத்த பகுதி சிறிது பொறுத்துக் குளிரும். விளிம்பில் கை வைத்தால் முதலில் ஒரு மாற்றமும் தெரியாது. நேரம் செல்லச் செல்லவே விளிம்பும் சூடு தணியும். வெப்பத்தின் இடத்தில் நீரையும், குளிர்ந்த நடுப்பகுதியின் இடத்தில் கிணற்றையும் வைத்துப் பார்த்தால், நீர் இறைப்பின் விளைவு நிலத்தடியில் பரவும் விதம் விளங்கிவிடும்.

வெப்பம் பரவுவதற்கான கணக்குகளைக் கணித அறிஞர்கள் முன்னரே வகுத்திருந்தனர். கார்ஸ்லா என்பவர் அதனைப் பற்றி விரிவான நூல் இயற்றியிருந்தார். தைஸ் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த தம் நண்பர் லூபின் என்பவருக்குக் கடிதம் எழுதி, நீருக்கு ஏற்றவாறு அக்கணக்கை அமைத்துத் தருமாறு கேட்டார். லூபின் அவ்வாறே செய்து கொடுத்தார். தைஸ் தம் கட்டுரையில் கார்ஸ்லாவின் நூலையும் லூபினின் உதவியையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார். பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதாகவே சொல்லுதல் அறிவுலகின் அறம். மேற்கோள் என்பதன் முதற் பொருளும் இதுவே.

பின்னர் அவர் தம் கணக்கை மெய்யான கிணறு ஒன்றோடு ஒப்பிட்டார். நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வென்ஸல் என்பவர் ஒரு கிணற்றிலிருந்து தொடர்ந்து நீர் இறைத்து, சுற்றிலும் உள்ள நோக்குக் கிணறுகளில் மட்டத்தை அளந்து எழுதி வைத்திருந்தார். அவ்வளவுகளோடு தைஸின் கணக்கு இசைந்து வந்தது. அமெரிக்கப் புவிப் பௌதிகச் சங்கத்தின் ஏட்டில் 1935-ஆம் ஆண்டில் அக்கட்டுரை வெளிவந்தது.

கட்டுரை கூறும் உண்மைகள்

சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி உங்களை வருத்த நாம் விரும்பவில்லை. அதிலிருந்து பெறப்படும் நான்கு உண்மைகளை மட்டும் கூறுவோம்.

முதலாவது, இறைக்கும் அளவை இரு மடங்காக்கினால், பக்கத்துக் கிணற்றில் ஏற்படும் தாழ்வும் இரு மடங்காகும்.

இரண்டாவது, இரு கிணறுகள் ஒரே நேரத்தில் இறைக்கப்பட்டால், இரண்டின் விளைவும் ஒன்றோடொன்று கூடும். மூன்றாவது கிணற்றுக்காரர் இருவருடைய தாழ்வையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மூன்றாவது, தொலைவு இரு மடங்கானால், அதே அளவு தாழ்வு ஏற்பட நான்கு மடங்கு காலம் செல்லும். ஒரு கிணற்றில் மோட்டார் ஒரே அளவில் ஓடுகிறதெனக் கொள்வோம். 100 அடி தொலைவில் 2 நாட்களில் ஓரடி மட்டம் குறைந்தால், 200 அடி தொலைவில் அதே ஓரடி குறைய 8 நாட்கள் ஆகும். 300 அடியில் 18 நாட்கள் ஆகும். 400 அடியில் 32 நாட்கள் ஆகும்.

நான்காவது, நீர்மட்டத்தின் தாழ்வு வேகம் குறையுமேயன்றித் தானாக நின்றுவிடாது. முதல் மணி முதல் பத்தாவது மணி வரை ஏற்பட்ட தாழ்வு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே பத்தாவது மணி முதல் நூறாவது மணி வரை ஏற்படும். வேகம் தணிவதைக் கண்டு ஊற்று நிலைத்துவிட்டதென்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது.

இப்பொழுது நம் அண்டை வயல்காரரின் வழக்கை மீண்டும் எண்ணிப் பாருங்கள். இரு கிணறுகளுக்கும் இடையே 300 அடி இருந்தால், முதல் பத்து நாட்களில் கண்ணுக்குத் தெரியாத தாழ்வு மூன்றாம் வாரத்தில் ஓரடியாகத் தலைகாட்டுவதில் வியப்பென்ன? பத்து நாட்கள் குறையவில்லை என்பது உண்மையே. மோட்டார்தான் காரணம் என்பதும் உண்மையாக இருக்கக்கூடும். காலம் என்னும் ஒன்றைக் கணக்கில் சேர்த்தவுடன் இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்கின்றன.

இறைக்கும் நீர் யாருடைய நீர்?

தைஸ் 1940-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரை ஊராட்சி மன்றத்தார் அனைவரும் அறிய வேண்டியது. கிணறுகளிலிருந்து கிடைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே அதன் பொருள்.

கிணறுகள் தோண்டப்படுவதற்கு முன் நிலத்தடியில் வரவும் செலவும் நெடுங்காலமாகச் சமனாகவே இருந்தன. மழை நீர் மண்ணில் இறங்கிற்று. அவ்வளவு நீரே ஓடையில் ஊற்றாகவும், ஆற்றில் கசிவாகவும், மரஞ்செடிகளின் வேர் வழியாகவும் வெளியேறிற்று. இந்நிலையில் நாம் ஒரு கிணறு தோண்டி இறைத்தால், அது ஒரு புதிய செலவு. அச்செலவை ஈடுசெய்ய மூன்று வழிகளே உண்டு: வரவு கூட வேண்டும், அல்லது பழைய செலவுகளில் ஒன்று குறைய வேண்டும், அல்லது சேமிப்பு கரைய வேண்டும். நான்காவது வழி இல்லை.

குடும்பக் கணக்கு எழுதும் தாய்மார்களுக்கு இது உடனே விளங்கும். வருமானம் கூடாமல், வேறு செலவைக் குறைக்காமல், புதிய செலவு ஒன்றை மேற்கொண்டால் பெட்டியில் உள்ள பணம்தான் குறையும். பெட்டி பெரிதாயிருந்தால் சில ஆண்டுகள் குறைவது தெரியாது, அவ்வளவே.

இதனால் நாம் உணர வேண்டுவது யாதெனில், மழையால் ஆண்டுதோறும் இறங்கும் நீரின் அளவை மட்டும் கணக்கிட்டு, அவ்வளவும் இறைப்பதற்கு உரியது என்று எண்ணுதல் தவறு. அந்நீரை முன்பே நம்பி வாழும் ஓடை இருக்கிறது. ஓடையை நம்பி வாழும் கீழூர் ஏரி இருக்கிறது. அந்த ஏரியை நம்பி வாழும் குடிகள் இருக்கின்றனர். நாம் முழுவதையும் இறைத்தால் அவர்கள் பங்கையும் சேர்த்தே இறைக்கிறோம். இக்கருத்தைப் பிரெடஹோஃப்ட் முதலிய அறிஞர்கள் 1982-ஆம் ஆண்டில் மீண்டும் எடுத்துரைத்தபொழுது, தைஸின் 1940-ஆம் ஆண்டுக் கட்டுரையையே அடிப்படையாகக் கொண்டனர்.

அமெரிக்காவின் உயர்சமவெளியில் மழையால் இறங்கும் நீர் ஆண்டுக்கு ஓர் அங்குலத்திற்கும் குறைவே என்று தைஸ் 1937-இலேயே எழுதியிருந்தார். எனினும் பின்னர்ப் பல்லாயிரம் கிணறுகள் அங்கு இறக்கப்பட்டன. இன்று அச்சமவெளியின் சில பகுதிகளில் நீர்மட்டம் 100 அடிக்கும் மேலாகத் தாழ்ந்துவிட்டது. ஓர் அறிஞரின் எழுத்தை மேற்கோள் காட்டுவது ஒன்று. அதன்படி நடப்பது மற்றொன்று என்பதற்கு இதுவே சான்று.

ஏட்டிலிருந்து சட்டத்திற்கு

கிணற்றில் இறைத்தால் அருகில் ஓடும் ஆற்றில் எவ்வளவு நீர் குறையும் என்பதைக் கணக்கிடும் முறையைத் தைஸ் 1941-இல் வெளியிட்டார். 1954-இல் குளோவர், பால்மர் என்னும் இருவர் அதனை எளிமைப்படுத்தினர்.

நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்று நீர் பழைய பாசன உரிமையாளர்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தது. ஆற்றில் கை வைக்காமல் கரையோரத்தில் கிணறு தோண்டி இறைத்தால் யாரும் கேட்க இயலாதென்று பலர் எண்ணினர். மாநில நீர்ப்பொறியாளராக இருந்த ஸ்டீவ் ரெனால்ட்ஸ் 1956-ஆம் ஆண்டில் ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரைத் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியாக அறிவித்தார். புதிய கிணறு வேண்டுவோர், அதனால் ஆற்றில் குறையும் நீருக்கு ஈடாகப் பழைய நீருரிமையை வாங்கி விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்று விதித்தார். அல்புகர்க்கி நகரத்தார் இதனை எதிர்த்து வழக்காடினர். மாநில உச்ச நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பொறியாளரின் அதிகாரத்தை உறுதி செய்தது. கிணற்று நீரும் ஆற்று நீரும் ஒன்றே என்னும் உண்மை இவ்வாறு ஏட்டிலிருந்து புறப்பட்டுச் சட்டமாயிற்று.

மேற்கோள் என்னும் அளவுகோல்

ஓர் ஆராய்ச்சியின் மதிப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினா இங்கு எழும். நெல்லை மரக்காலால் அளக்கலாம். பாலைப் படியால் அளக்கலாம். ஆராய்ச்சிக்கு அறிவுலகம் கொண்டுள்ள அளவுகோல்களுள் ஒன்று மேற்கோள். பின்னர் எழுதுவோர் எத்தனை பேர் ஒரு கட்டுரையைத் தம் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டினர் என்று எண்ணுவதே அது. யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் இவ்வகை மேற்கோள்களைத் தொகுத்து 1964-ஆம் ஆண்டில் பெரும் அகராதி ஒன்றைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை வழித்தோன்றல்கள் என்று அறிவது எளிதாயிற்று.

தைஸின் கட்டுரைக்கு அமைந்த வழித்தோன்றல்களைச் சிறிது பார்ப்போம். வெப்பத்திற்குரிய கணக்கை நீருக்குப் பொருத்துவது சரிதானா என்று ஐயம் எழுந்த நிலையில், ஜேகப் என்பவர் 1940-இல் நீரோட்ட விதிகளிலிருந்தே அதே சமன்பாட்டை வருவித்துக் காட்டினார். 1946-இல் கூப்பரும் ஜேகபும் அதனை வரைபடத் தாளில் ஒரு நேர்க்கோடாகக் காணும் எளிய முறையை வகுத்தனர். ஈராக்கில் பிறந்த ஹன்டுஷ் என்பவரும் ஜேகபும் 1955-இல், மேலும் கீழும் உள்ள மண்ணடுக்குகளிலிருந்து நீர் கசிந்து வரும் நிலையைச் சேர்த்துக் கணக்கிட்டனர். ஒவ்வொருவரும் தைஸின் கட்டுரையைச் சான்று காட்டியே தம் கட்டுரையைத் தொடங்கினர். ஆலமரத்தின் விழுதுகள் போல ஒரு கட்டுரையிலிருந்து பல கட்டுரைகள் இறங்கி ஊன்றின.

எனினும் இவ்வளவுகோலை நாம் கண்மூடி நம்புதல் கூடாது. மறுப்பதற்காகவும் மேற்கோள் காட்டுவதுண்டு. படியாமலே பழக்கத்தால் காட்டுவதும் உண்டு. வேறு ஒரு விந்தையும் உண்டு. ஒரு கருத்து எல்லோர்க்கும் பொதுவுடைமை ஆகிவிட்டால், அதனைச் சொன்னவரைக் குறிப்பிடுவதே நின்றுவிடுகிறது. கிணறு சோதிக்கும் பொறியாளர் தைஸ் வளைகோடு என்று பெயரைச் சொல்லுவார். 1935-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடமாட்டார். எந்த அகராதியிலும் ஏறாத பயன் அது. அவ்வகைப் பயனே மிகப் பெரிதென்று நாம் கருதுகிறோம்.

நம் நிலத்திற்கு எவ்வளவு பொருந்தும்?

தைஸ் தம் கணக்கிற்குச் சில நிபந்தனைகளை வைத்தார். நிலத்தடி அடுக்கு எங்கும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். எல்லையின்றிப் பரந்திருத்தல் வேண்டும். கிணறு மிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும். நம் மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை நிலம். இங்கு நீர், மேலே உள்ள சிதைந்த பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கிறது. ஒரு வெடிப்பின் வழியே 1,000 அடி தொலைவில் உள்ள கிணறு பாதிக்கப்படுவதும், 100 அடியில் உள்ள கிணறு பாதிக்கப்படாமல் இருப்பதும் உண்டு. ஆதலின் மேலே நாம் கூறிய நாட்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு அண்டை வீட்டாரிடம் வழக்குக்குச் செல்ல வேண்டா. காலம் கடந்து விளைவு தோன்றும் என்னும் நெறி இங்கும் மெய்யே; எத்தனை நாள் என்பதை அந்தந்த இடத்தில் அளந்தே அறிதல் வேண்டும்.

பாறை நிலத்தின் மற்றொரு இயல்பையும் அறிதல் நலம். மணற்பாங்கான நிலத்தைப் போல இங்கு நீர்ச் சேமிப்பு மிகுதியாக இல்லை. சிதைந்த பாறை 100 கன அடியில் வடிந்து வரும் நீர் 2 கன அடி என்று கொள்வோம். அவ்வாறாயின், ஊர் முழுவதும் ஓர் அங்குல உயரத்திற்கு நீரை இறைத்தால், கிணறுகளில் 50 அங்குலம், அதாவது நான்கு அடிக்கு மேல், மட்டம் தாழும். அதேபோல் ஓர் அங்குல மழை நீர் உள்ளே இறங்கினால் நான்கு அடிக்கு மேல் ஏறும். ஐப்பசி மழையில் நிரம்பிய கிணறு பங்குனியில் தரை தட்டுவதன் காரணம் இதுவே.

நம் பெரிய வட்டக் கிணறுகளுக்கும் ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டுள்ளனர். பாபடோபுலோஸ், கூப்பர் என்னும் இருவர் 1967-ஆம் ஆண்டில் அகன்ற கிணறுகளுக்கான கணக்கை வெளியிட்டனர். தைஸின் வழியில் பிறந்த கட்டுரையே அதுவும். இறைக்கத் தொடங்கிய முதல் நேரத்தில் நமக்குக் கிடைப்பது கிணற்றுக்குள் முன்னரே நின்ற நீர். பாறையிலிருந்து ஊறி வரும் நீர் அதன் பின்னரே பெருகுகிறது. எனவே இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, இந்தக் கிணறு பத்து ஏக்கருக்குத் தாங்கும் என்று முடிவு கட்டுதல் தவறு. நிறுத்தியபின் நீர் எவ்வளவு நேரத்தில் எத்தனை அடி ஏறுகிறது என்று பார்ப்பதே கிணற்றின் உண்மையான வலிமையைக் காட்டும். கமலை இறைத்த நம் பெரியவர்கள் ஊற்று ஏறும் நேரம் பார்த்தே மாட்டைப் பூட்டினர். நீர் ஏறுவதைக் கொண்டு கணக்கிடும் முறையைத் தைஸும் தம் 1935-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தந்திருக்கிறார்.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கேட்டபின் ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்க காரியங்கள் சில உண்டு. அவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

ஒவ்வோர் ஊராட்சியிலும் மேடு, நடு, பள்ளம் எனப் பல இடங்களில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் வண்ணம் பூசி அடையாளம் செய்யுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், அவ்வடையாளத்திலிருந்து நீர்மட்டம் வரை நாடா கொண்டு அளந்து ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இப்பணியை நன்கு செய்வர்.

அப்பதிவேட்டில் மழை அளவும், புதிதாக இறக்கப்பட்ட கிணறு ஒவ்வொன்றின் புல எண்ணும் ஆழமும், இறைக்கத் தொடங்கிய தேதியும் இடம்பெறுதல் வேண்டும். தேதி இல்லாத அளவு பயனற்றது. தீமின் கணக்கில் விடுபட்டதும் தைஸ் சேர்த்ததும் காலம் ஒன்றே என்பதை மறவாதீர்கள்.

புதிய கிணறு தோண்ட விரும்புவோர், அண்டையில் உள்ள கிணறுகளின் தொலைவையும் மட்டத்தையும் முன்னதாகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத் தொடங்குவது இரு தரப்பார்க்கும் காப்பு. பின்னர் வழக்கு எழுமாயின், பஞ்சாயத்தார் முன் வாய்மொழிக்குப் பதிலாக அளவுகள் பேசும்.

பதிவேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டா. மார்ச் 22-ஆம் நாள் உலக நீர் நாளையொட்டிக் கூடும் கிராம சபையில் அதனை வாய்விட்டுப் படியுங்கள். எந்தப் பகுதியில் மட்டம் ஆண்டுக்காண்டு தாழ்கிறதோ, அங்கே கரும்பையும் வாழையையும் குறைத்துச் சிறுதானியமும் பயறும் பயிரிடுவது பற்றியும், சொட்டுநீர் முறை பற்றியும், கசிவுநீர்க் குட்டை வெட்டுவது பற்றியும் கூடிப் பேசுங்கள். குட்டை வெட்டும்பொழுதும் தைஸின் வினாவைக் கேளுங்கள்: இங்கே நாம் நிறுத்தும் நீர் இதற்கு முன் யாருக்குச் சென்றுகொண்டிருந்தது? கீழூர் ஊராட்சியையும் அழைத்து வைத்துக்கொண்டு முடிவு செய்வதே முறை.

பெருமக்களே! வென்ஸல் என்பவர் நெப்ராஸ்கா வயல்களில் நின்று கிணறு கிணறாக மட்டத்தை அளந்து எழுதியிராவிட்டால், தைஸின் கணக்கு மெய்யா பொய்யா என்று அன்று சோதித்திருக்க இயலாது. அளந்தவரின் பெயரைப் பலர் மறந்திருக்கலாம், அளவு பயன்பட்டது. உங்கள் ஊர்ப் பதிவேடும் அத்தகைய ஆவணமாக வளர வேண்டும். பத்து ஆண்டு அளவுகள் சேர்ந்துவிட்டால், நீர்வளத் துறைப் பொறியாளரும் வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சியாளரும் அதனைத் தேடி வருவர். அதனினும் மேலாக, உங்கள் பிள்ளைகள் கிணறு தோண்டும் நாளில் அதனைப் புரட்டிப் பார்த்துக் கடன் வாங்கலாமா வேண்டாவா என்று முடிவு செய்வர்.

இம்முகாமிலிருந்து திரும்பும் ஒவ்வோர் ஊராட்சியும் வரும் மாத முதல் நாளில் முதல் அளவை எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அளவு நாடாவும் பதிவேடும் வேண்டுவோர் ஒன்றிய அலுவலகத்தை அணுகலாம். முதல் அளவை எடுக்கும்பொழுது உடனிருந்து கற்றுத்தர நம் விரிவாக்க அலுவலர்கள் வருவர்.